பச்சைக் கதவு மூடியது!

லண்டன் மாநகரில் செல்சி என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பச்சை நிறக் கதவு இருந்தது. திறந்தால் செங்குத்தான படிகள். இறங்கினால், பூமிக்கு அடியில் ஒரு கூடம். ஜன்னல் கிடையாது!

அதுதான் "கேட்வேஸ்" கிளப். பெண்ணையே விரும்பும் பெண்கள் கூடும் இடம். பகலில் ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் வேலை பார்த்தவர்கள், இரவில் அங்கே கைகோத்து ஆடினார்கள்.

ஏன் இப்படி ஒளிந்து கூடினார்கள்?

அந்தக் காலத்தில் ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறைத் தண்டனை. 1967-ல்தான், 21 வயது ஆனவர்களுக்குச் சட்டம் தளர்ந்தது. பெண்களுக்குச் சிறை இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். தாயாக இருந்தால் பிள்ளைகளைக் கூடக் கோர்ட்டு பிரித்துவிடும்.

ஆகவே, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் தன்னைப் போல் இன்னொருத்தியைப் பார்க்க வேண்டுமானால், இப்படி ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும்.

1968-ல் ஒரு சினிமாப் படத்துக்காக உள்ளேயே படம் பிடித்தார்கள். கிளப் உறுப்பினர்களே அதில் ஆடினார்கள். துணிச்சல்தான்!

1985-ல் கேட்வேஸ் மூடப்பட்டது.

சட்டம் வந்தது, கடை போனது

2014-ல் இங்கிலாந்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணமே செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. இனி இந்த விடுதிகள் பெருகும் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது வேறு.

2006-ல் லண்டனில் இப்படிப்பட்ட விடுதிகள் 125 இருந்தன. 2017-ல் எண்ணிப் பார்த்தால் 53!

வாடகை ஏறியது. பழைய கட்டிடங்களை இடித்து மாடி வீடுகள் கட்டினார்கள். செல்போனும் வந்தது. 2009-ல் வந்த "கிரைண்டர்", பக்கத்தில் யார் இருக்கிறார் என்று படுக்கையில் இருந்தபடியே காட்டியது. பிறகு எதற்குப் படி இறங்க வேண்டும்? சாதாரண ஓட்டலிலேயே ஜோடியாக உட்காரலாமே!

ஆனால் செல்போனில் ஒருவரைப் பிடிக்கலாம். ஐம்பது பேரோடு ஆட முடியுமா? பதினெட்டு வயதுப் பிள்ளை, தன்னைப் போலவே வாழ்ந்து நரைத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்க முடியுமா? அது போய்விட்டது.

இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. ஏதாவது ஒரு கடையை ஓர் இரவுக்கு மட்டும் பேசி எடுத்து, அங்கே கூடி ஆடுகிறார்கள். மறுநாள் அது பழையபடி வேறு கடை.

2024-ல் ஹாக்னி பகுதியில் "லா காமியோனேரா" என்று பெண்களுக்கான மதுக்கடை ஒன்று தொடங்கினார்கள். சின்னக் கடைதான். முதல் நாளே உள்ளே இடம் போதவில்லை. கூட்டம் தெருவில் நின்றது.