ஓவர்டைமில் ஓடும் ஈப்போ பட்டறைகள்

ஈப்போ வட்டாரச் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திட்டமிடல் என்று பேச்செடுத்தால், எந்த மென்பொருள் வாங்கலாம் என்பதில்தான் போய் நிற்கிறது. ஆனால் கோளாறு ஆர்டர் வாங்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. “வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறோம்” என்று தொலைபேசியில் வாக்குக் கொடுப்பவர், கடைசல் இயந்திரத்தின் முன் எத்தனை வேலை காத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு ஓவர்டைமின் தலையில் விழுகிறது.

கிந்தா பள்ளத்தாக்கின் வார்ப்படப் பட்டறைகள் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்புப் பாகங்கள் செய்து வளர்ந்தவை. 1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்தபின், செம்பனை ஆலைகளின் உதிரிபாக வேலை பலவற்றுக்குக் கைகொடுத்தது. அங்கே அவசரம் பொய்யல்ல. அறுத்த குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆலை நின்றால் பாகம் உடனே வேண்டும். ஆகவே திட்டமிடவே வழியில்லை என்கிறார்கள் முதலாளிகள். இதில் பாதிதான் உண்மை. உடைவதற்கு நாள் குறிக்க முடியாது, தேய்வதற்குக் குறிக்கலாம். பிழிபொறியின் திருகு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஆலைக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதை முன்கூட்டியே வார்த்து வைத்துவிட்டு, திடீர் உடைவுக்கென்று கடைசலில் தினமும் இரண்டு மணி நேரத்தைக் காலியாக விடலாம். காலியாக நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் முதலாளிக்கு மனம் பொறுக்காது என்பது வேறு சங்கதி.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய கணக்கு ஒன்று உண்டு. பட்டறையில் 40 வேலைகள் கிடக்க, வாரத்துக்கு 8 முடிகிறதென்றால், ஒரு வேலை வெளியே வர சராசரியாக 5 வாரம் ஆகும். 41ஆவதை அவசரம் என்று முன்னே தள்ளினால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் தாமதமாகும். நெருக்கடி கடைசலில் இருக்கும்போது வார்ப்புப் பிரிவை இரவெல்லாம் ஓட்டினால், கடைசலின் முன் குவியல்தான் உயரும். அதற்கும் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும்.

என் கவலை இந்த இரவு வேலையைப் பற்றியதுதான். 2023 ஜனவரி முதல் மலேசியாவில் சட்டப்படியான வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஓவர்டைம் வரம்போ மாதத்துக்கு 104 மணி. இரண்டையும் கூட்டினால் வாரத்துக்கு ஏறத்தாழ 69 மணி நேரம், அதுவும் சட்டப்படியே. ஓவர்டைம் இல்லாவிட்டால் குடும்பம் நடத்த முடியாது என்று தொழிலாளர்களே சொல்வதுண்டு. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் அது நியாயமான பேச்சுதான். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் குறை; வேலையை வரிசைப்படுத்தாத பட்டறைக்கு அதைச் சாக்காக்க முடியாது. வேலையை வரிசைப்படுத்துவது இங்கே புதிதுமல்ல. பேராக் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக் கூட்டி நிரை பிரித்தார்கள்; பட்டை தேற வேண்டுமென்று பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டினார்கள். வெட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தொழிற்பேட்டைகளில் இரவு ஷிப்டு முடித்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள்.

ஆர்டர் மேசைக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை போதும். கடைசலில் காத்திருக்கும் வேலையின் மொத்த மணி நேரம் அதில் தினமும் எழுதப்பட வேண்டும். எழுதுபவர் மேலாளராக இருந்தால் எண் சுருங்கிவிடும், கடைசல்காரரே எழுதட்டும்.