மழை காட்டும் வீடு

பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹல்லுக்கு 1983இல் பார்வை முற்றாகப் போனது. அந்த ஆண்டிலேயே தன் அன்றாடத்தை ஒலிநாடாவில் பேசிப் பதியத் தொடங்கினார். அந்த நாடாக்களைக் கொண்டு 2016இல் ஒரு திரைப்படமும், ‘இன்டு டார்க்னஸ்’ என்ற மெய்நிகர் (விஆர்) ஆவணப்படமும் வந்தன. விஆர் கண்ணாடியை மாட்டினால் முதலில் இருட்டு. எங்காவது ஓசை எழுந்தால்தான் அங்கிருப்பது மங்கலாகத் துலங்கும். மழை பெய்யும்போது கூரை, வேலி, புதர் எல்லாம் ஹல்லுக்குப் புலப்பட்டன. அறைக்குள்ளும் மழை பெய்யாதா என்று அவர் ஏங்கினார்.

இதை இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தோட்ட லயத்தில் படுத்திருந்தாலே போதும். தகரத்தில் விழும் சத்தத்திலேயே மழையின் கனம் தெரியும், கானில் தண்ணீர் புரண்டு ஓடுவது கேட்கும். எழ முடியாமல் கிடப்பவருக்கு அதுதான் வெளி.

6000 அடிக்கு மேலே, செங்குத்தான தேயிலை மலைகளில் வேலை. கவ்வாத்து வெட்டும்போது வழுக்கி விழுந்து, முள்ளந்தண்டு நொறுங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கமரா அவர் முகத்தை நெருங்கும், கண்ணீரைக் காட்டும், பிறகு போய்விடும். சுற்றிவரப் பிடிக்கும் விஆர் கமராவால் அப்படித் தப்ப முடியாது. பார்ப்பவர் தலையைத் திருப்பினால் அந்தச் சின்னக் காம்பரா முழுதும் தெரியும். வாசலில் படி, படிக்குக் கீழே கான், அதற்கப்பால் ஏற்றம். மலசலகூடம் வெளியே. தோட்டத்து லொறி வந்து நிற்கும் பாதை இன்னும் தூரத்தில். யாரோ புண்ணியத்துக்குக் கொடுத்த சக்கர நாற்காலி மூலையில் மடங்கிக் கிடக்கும். அதை உருட்ட ஒரு முழம் சமதரை இல்லை. விழுந்த அன்று முறிந்தது முதுகு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவரை முடக்குவது இந்தப் படிகள்தான்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கைக்கு இத்தனை வீதம், காலுக்கு இத்தனை வீதம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அது தேவையான சட்டம். ஆனால் காலைப் பெரட்டுக்குப் போக முடியாதவருக்கு நாட்சம்பளப் பேர் விழாது என்பதையும், அவரைத் தூக்கி இறக்குவதற்காகவே மனைவியும் வேலையை விட நேர்வதையும் எந்த வீதத்தில் எழுதுவது?

இதற்கு அடிபட்டவரே பதில் தேடியதும் உண்டு. தமிழ்நாட்டில் எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அடிபட்டவரே எது வேண்டும் என்று தீர்மானித்ததால் நடந்த வேலை அது. ஹல்லின் படத்திலும் கேட்பது ஹல்லின் குரல்தான், இன்னொருவரின் பரிதாபம் அல்ல.

மலையகத்தில் கமரா பிடிக்கும் தம்பி தங்கைகளே, இப்படியொரு படத்தைக் கந்தப்பளையில் எடுங்கள். கமராவை எங்கே வைப்பது என்பதை அந்தக் கட்டிலில் கிடப்பவரிடம் கேளுங்கள். எடுத்து முடித்ததும் முதல் காட்சியைத் தோட்டக் கொம்பனி அதிகாரிகளுக்கும் வீடமைப்புக்குப் பொறுப்பானவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் அந்தக் காம்பராவில் பத்து நிமிடமாவது இருக்கட்டும்.