பம்பைச் சுழற்றும் சிறு தண்டு

கிணற்றுப் பாசனம் செய்யும் அங்கத்தினர்களுக்குப் பம்பைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். எண்ணெய் என்ஜினின் பெல்ட் நழுவினால் வாய்க்காலில் நீர் நின்றுவிடும், உடனே கண்டுகொள்வோம். ஆனால் நீர் ஓடுவதும் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாமல், பம்பைச் சுழற்றும் உறுப்பும் உள்ளே மறைந்திருந்தால் என்ன ஆகும்? அமெரிக்க நாட்டின் ஒரு பழைய வேகக் காரைக் கொண்டு இதனை விளக்கலாம். அத்தகைய காரை நம்மில் எவரும் வாங்கப்போவதில்லை என்பது உண்மையே. எனினும் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் என்போன்றோர்க்கு இதில் ஒரு சொந்த ஆர்வம் உண்டு. பெரும் பழுதுச் செலவின் ரசீதுக்குப் பின்னால், செய்யாமல் விடப்பட்ட சிறு செலவு ஒன்று அநேகமாக இருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1992ஆம் ஆண்டுக் கார்வெட் காரில் எல்.டி.1 என்னும் 5.7 லிட்டர் என்ஜினை அமைத்தனர். 300 குதிரைசக்தி உடையது. மறு ஆண்டிலிருந்து காமேரோ, ஃபயர்பேர்டு கார்களிலும் இது இடம்பெற்றது. சாதாரண என்ஜின்களில் குளிர்விக்கும் நீர் முதலில் சிலிண்டர் பிளாக்கில் புகுந்து, பிறகு மேலேயுள்ள ஹெட்டுக்கு ஏறும். இதில் முறை தலைகீழ்: அதிக வெப்பம் தாங்கும் ஹெட்டுக்கே முதலில் குளிர்ந்த நீர் செல்கிறது. அதனால் எரிபொருட் கலவையை மேலும் நெருக்கி அழுத்த இயன்றது, சக்தியும் கூடிற்று.

மற்றொரு புதுமை பம்பை ஓட்டும் விதம். இதில் பம்பிற்கு பெல்ட் கிடையாது. வால்வுகளை இயக்கும் காம் தண்டின் சக்கரத்திலுள்ள பற்கள், ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்றும். அதனோடு சேர்ந்த குட்டைத் தண்டு, என்ஜினின் முன்மூடியைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும். அதன் நுனியில் நெடுக வெட்டப்பட்ட வரிப்பற்கள் உண்டு. ஒரு சிறு கப்ளிங் வளையம் அவ்வரிப்பற்களையும் பம்பின் தண்டையும் இணைக்கிறது. தண்டு வெளிவரும் துளையில் எண்ணெய் கசியாதிருக்க ஓர் ஆயில் சீல். பெல்ட் அறுந்து பம்பு நிற்கும் ஆபத்து இதனால் நீங்கிற்று என்பது மெய்தான். ஆனால் வேறோர் ஆபத்து அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

பம்பின் நேர் கீழே, அதே முன்மூடியின்மீது, ஆப்டிஸ்பார்க் என்னும் டிஸ்ட்ரிபியூட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. அதனுள் 360 நுண்துளைகள் வெட்டிய மெல்லிய தட்டு சுழல, ஒளிக்கதிர் அத்துளைகளின் வழியே காம் தண்டின் நிலையைப் பாகை பாகையாக எண்ணுகிறது. உயர் அழுத்த மின்சாரமும் அப்பெட்டிக்குள்ளேயே பங்கிடப்படுகிறது. இத்தனை நுட்பமான கருவியைத் தண்ணீர்ப் பம்பின் அடியில் வைத்தவர்களின் எண்ணம் எனக்கு விளங்கவில்லை. மேலே எது கசிந்தாலும் அதன்மேல்தான் சொட்டும். ஈரம் உட்புகுந்தால் என்ஜின் திக்கும், பிறகு நின்றேவிடும்.

ஆகவே பம்பின் அடியில் ஈரம் கண்டவுடன் அது நீரா எண்ணெயா என்று தேர்ந்தறிய வேண்டும். நீராயின், பம்பின் உள் சீல் தேய்ந்து, அதன் கசிவுத் துளை வழியே ஒழுகுகிறது; பம்பை மாற்றவேண்டியதே. எண்ணெயாயின், குற்றம் பெரும்பாலும் முன்மூடியிலுள்ள தண்டின் சீலைச் சார்ந்தது. பம்பின்மேல் பழிபோட்டுப் புதுப் பம்பு வாங்கினால் பணம் போகும், கசிவு போகாது.

பம்பைக் கழற்றுவது கடினமன்று. என்ஜின் ஆறியபின் நீரை வடித்து, குழாய்களை நீக்கி, ஆறு போல்ட்டுகளைத் தளர்த்தினால் வந்துவிடும். வடிக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவது அவசியம். பழுது நீக்கப் புகுந்தவரே அதனை நனைத்துக் கெடுப்பதும் உண்டு.

பம்பு வந்தபின்தான் உண்மையான பரிசோதனை தொடங்குகிறது. கப்ளிங் வளையத்தைத் தண்டின்மீது பொருத்தி இருபுறமும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் மிகுந்திருந்தாலும், வரிப்பற்கள் துருவேறிப் படிபோல் தேய்ந்திருந்தாலும், வளையத்தை மட்டும் மாற்றுவது போதாது. தேய்ந்த பல் புது வளையத்தையும் தின்றுவிடும். பற்கள் முற்றிலும் மழுங்கினால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பம்பு மட்டும் நின்றுபோகும். அறுந்து தொங்க பெல்ட் இல்லை. வெப்பமானியின் முள் ஒன்றே சாட்சி. அதைக் கவனியாது ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் வெடித்து, பழுது பன்மடங்காகும்.

சீலை மட்டும் மாற்றுவதாயின் முன்மூடியைக் கழற்றாமலே செய்யலாம். பழையதை நெம்பி எடுக்கும்போது தண்டில் கீறல் விழலாகாது. கீறல் விழுந்த தண்டில் எந்தச் சீலும் நில்லாது. புதியதை ஏற்றுமுன் வரிப்பற்களின்மீது மெல்லிய டேப்பைச் சுற்றவேண்டும். இல்லையேல் அப்பற்களே சீலின் மென்மையான உதட்டை அறுத்துவிடும். உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் நேராக அழுத்திப் பொருத்துக. வரிப்பற்களுக்குச் சிறிது கிரீஸ் இடுவதும் நன்று.

தண்டையே மாற்றவேண்டுமெனில் வேலை பெரிது. டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்க் தண்டின் முன்சக்கரமும் அதன் இருக்கையும், பிறகு முன்மூடி ஆகியவற்றைக் கழற்றவேண்டும். கீழுள்ள எண்ணெய்த் தொட்டியையும் தளர்த்த நேரும். சக்கரத்தின் இருக்கையை எடுக்குமுன் அதன் நிலையை அடையாளமிட்டுக்கொள்வது முக்கியம். மூடியைத் திறந்தபின் காம் சக்கரத்தின் பற்களையும் பார்த்துவிட வேண்டும். ஜோடியில் ஒன்று தேய்ந்திருக்க மற்றொன்றை மட்டும் புதிதாக்குவதால் பயனில்லை. மூடியிலுள்ள மூன்று சீல்களையும் அப்போதே மாற்றிவிடுதல் சிக்கனம்.

சிலர் இத்தொல்லையே வேண்டாமென்று தண்டை அகற்றி, துளையை அடைத்து, மின்சாரப் பம்பை வைத்துக்கொள்கின்றனர். பந்தயக்காரர்க்கு அது ஏற்றதே. என்ஜினை நிறுத்திய பின்னும் நீரைச் சுழலவிட்டு விரைவில் குளிர்விக்கலாம். தினசரி சாலையில் ஓட்டுபவர்க்கு நான் அதனைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு ஃபியூஸ் போனால் பம்பும் போயிற்று. நல்ல சீலுடன் கூடிய பற்சக்கரம் அவ்வாறு சொல்லாமல் கைவிடுவதில்லை. கம்பெனியாரோ 1997ஆம் ஆண்டுக் கார்வெட்டில் வந்த எல்.எஸ்.1 என்ஜினில் பெல்ட்டுக்கே திரும்பினர். டிஸ்ட்ரிபியூட்டரையும் அடியோடு நீக்கி, சிலிண்டருக்கொரு காயில் வைத்தனர்.

வேலை முடிந்து நீர் நிரப்பும்போது, தெர்மோஸ்டாட் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, குமிழியின்றி நீர் வரும்வரை விட்டு மூடவேண்டும். காற்று தங்கினால் புதுப் பம்பும் வீணே சுழலும். மறுநாள் என்ஜின் ஆறிய நிலையில் நீர்மட்டத்தை மீண்டும் பார்த்துக் குறைவை நிரப்புக. இரவில் காரின் முன்புறத்தின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்துவைத்தால், இன்னும் சொட்டுகிறதா, சொட்டுவது நீரா எண்ணெயா என்பது விடிந்ததும் தெரிந்துவிடும்.