மூச்சுக்குழாய்ப் புற்றைத் தொடக்கநிலையில் கண்டறிதலில் பெட் படமெடுப்பின் பயனும் எல்லையும்: சாமல்பட்டிப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்துள்ள சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தைச் சார்ந்த ஊராகும். இம்மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளிலும், கல்லை அறுத்து மெருகூட்டும் ஆலைகளிலும் பணிபுரிவோர் சிலிக்கா தூசைச் சுவாசிக்கும் இடருக்கு உள்ளாகின்றனர். படிகச் சிலிக்கா தூசு மனிதருக்குப் புற்றை உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. பீடி, சிகரெட்டுப் பழக்கமும் சேரும்போது இவ்விடர் மேலும் மிகுகிறது. இத்தகைய தொழிலாளர் ஒருவருக்கு நாள்பட்ட இருமல் தோன்றினால், அது காசநோயா, சிலிக்கோசிஸா, புற்றா என்பதே முதல் வினா. அவ்வினாவிற்குப் பெட் படமெடுப்பு எந்த அளவிற்கு விடை தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட் படமெடுப்பின் இயக்கம்

புற்றணுக்கள் இயல்பான உயிரணுக்களைவிட மிகுதியாகக் குளுக்கோஸை உட்கொள்கின்றன. ஓட்டோ வார்பர்க் 1920களில் விளக்கிய இப்பண்பே பெட் முறையின் அடிப்படை. குளுக்கோஸை ஒத்த மூலக்கூறு ஒன்றில் ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க அணுவை இணைத்து எஃப்.டி.ஜி. என்னும் மருந்து உருவாக்கப்படுகிறது. நரம்புவழிச் செலுத்தப்படும் இம்மருந்து, உயிரணுவிற்குள் நுழைந்தபின் மேற்கொண்டு சிதைவுறாமல் அங்கேயே தங்குகிறது. ஃபுளூரின்-18 உமிழும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானுடன் மோதி அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் வெளிப்படுகின்றன. உடலைச் சூழ்ந்த உணர்கருவி வளையம் அவற்றைப் பதிவு செய்து, மருந்து தங்கிய இடத்தைக் காட்டுகிறது.

எஃப்.டி.ஜி. 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் 2002இல் மும்பையில் செயற்பாட்டிற்கு வந்தது. ஃபுளூரின்-18இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 110 நிமிடங்களே. ஆதலால் மருந்தை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. இவ்வசதி பெருநகரங்களைச் சார்ந்தே அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். சாமல்பட்டி மக்கள் இதற்காகப் பெங்களூரு, வேலூர், சென்னை போன்ற நகரங்களை நாட வேண்டியுள்ளது.

காற்றுவழிப் புற்றும் கருவியின் எல்லையும்

புகைப்பழக்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய செதிள் உயிரணுப் புற்று, பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களின் உட்படலத்தில் தோன்றுகிறது. சுவரை ஊடுருவுவதற்கு முன், அது சில உயிரணு அடுக்குகளின் தடிப்பு மட்டுமே உடையது. பெட் கருவிகளோ பொதுவாக 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான அளவையே தெளிவாகப் பிரித்தறிகின்றன. அதனினும் சிறிய புற்று, மூச்சசைவும் சேர்வதால் உள்ளதைவிட மங்கலாகத் தோன்றும். சில வேளைகளில் தோன்றாமலே போகும். கார்சினாய்டு போன்ற மெதுவாக வளரும் கட்டிகளும் குளுக்கோஸைக் குறைவாகவே ஈர்க்கக்கூடும். ஆகவே, பெட் படம் இயல்பாக இருப்பது புற்று இல்லை என்பதற்கு உறுதியான சான்றாகாது.

இந்நிலையில் மூச்சுக்குழாயை நேரடியாகக் காணும் பிராங்கோஸ்கோப்பியே முதன்மை பெறுகிறது. நீலவொளியைப் பாய்ச்சும் தன்னொளிர்வு முறையில் நலமான படலம் பச்சையாகவும், மாறுதலுற்ற பகுதி செம்பழுப்பாகவும் தெரியும். எனினும் அழற்சியும் அவ்வாறே தோன்றக்கூடும் என்பதால் திசு ஆய்வு இன்றியமையாதது. புற்று உறுதியான பின்னரே பெட் தன் முழுப் பயனைத் தருகிறது. நோய் நிணநீர்க் கணுக்களுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவியுள்ளதா என அறிந்து, அகநோக்கிவழிச் சிகிச்சை போதுமா, அறுவை தேவையா என முடிவு செய்ய அது துணைபுரிகிறது.

ஒளிர்வதெல்லாம் புற்றன்று

அழற்சியுற்ற உயிரணுக்களும் குளுக்கோஸை மிகுதியாக ஈர்க்கும். எனவே காசநோயும், சிலிக்கோசிஸால் பாதிக்கப்பட்ட நிணநீர்க் கணுக்களும் பெட் படத்தில் புற்றைப் போலவே ஒளிரக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. இங்குப் பிழை இரு வழிகளில் நேரலாம்: காசநோயைப் புற்றெனக் கருதி அஞ்சுவது ஒன்று, புற்றைக் காசநோயெனக் கருதி மருந்து கொடுத்துப் பல மாதங்களை இழப்பது மற்றொன்று. பின்னதன் விளைவு, குணப்படுத்தக்கூடிய கட்டத்தை நோய் கடந்துவிடுவதாகும். இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தால் எஃப்.டி.ஜி. உட்புகுவது குறைந்து, படத்தின் நம்பகத்தன்மையும் குறையும். ஆதலால் சோதனைக்கு முன் குறைந்தது நான்கு மணிநேரம் உண்ணாதிருத்தலும், நீரிழிவுள்ளோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தலும் தேவை.

முடிவுரை

அறிகுறியற்றவரிடம் புற்றைத் தேடுவதற்கான கருவியாகப் பெட் பரிந்துரைக்கப்படுவதில்லை. மிகுதியாகப் புகைபிடித்தவர்களிடையே நிகழ்ந்து 2011இல் வெளியான அமெரிக்கத் தேசிய நுரையீரல் ஆய்வில், நுரையீரல் புற்றால் நேரும் இறப்பை 20 விழுக்காடு குறைத்தது குறைந்த கதிரளவு சி.டி. சோதனையே. இருமல் நீடிக்கும்போதோ சளியில் இரத்தம் தென்படும்போதோ முதலில் சளிச் சோதனையும் மார்புப் படமும் தேவை. ஐயம் தீராவிடில் சி.டி., பிராங்கோஸ்கோப்பி, திசு ஆய்வு என்பதே முறையான வரிசை. அவ்வரிசையில் பெட் ஒரு துணைச்சான்று, இறுதித் தீர்ப்பன்று. தூசும் காசநோயும் உடனிருக்கும் சாமல்பட்டி போன்ற பகுதிகளில், தொழில்வரலாற்றையும் புகைப்பழக்கத்தையும் கேட்டறியாமல் பெட் படத்தை மட்டும் கொண்டு முடிவு காண்பது பொருந்தாது.