பச்சை வாந்தியா? குடல் தட்டாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க!



கைக்குழந்தை வாந்தி எடுத்தால் "குடலேத்தம்" என்று எண்ணெய் தடவிக் குடல் தட்டுவோம். "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டுவோம். குடித்த பாலைக் குழந்தை வெள்ளையாகக் கொஞ்சம் கக்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் இலைச்சாறு மாதிரி பச்சையாக வாந்தி எடுத்தால் அது பித்தநீர். குடலில் அடைப்பு இருக்கலாம்.

அடைப்பு ஏன் வருகிறது?

கருவில் சுமார் 6-வது வாரத்தில் குழந்தையின் குடல் தொப்புள்கொடிக்குள் போய் வளர்கிறது. 10-வது வாரம் வாக்கில் வயிற்றுக்குள் திரும்பி வந்து, முக்கால் சுற்று சுழன்று, தன் இடத்தில் நிலைக்கிறது. சில குழந்தைகளுக்கு இந்தச் சுழற்சி முழுமையாக நடப்பதில்லை. பிடிப்பில்லாத குடல் திடீரென்று கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே குடல் அழுக ஆரம்பிக்கும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே இது தெரிய வரும். தாய் சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ வருவதில்லை. அதனால் மருமகளைக் குறை சொல்லாதீங்க.

என்ன ஆபரேஷன்?

முறுக்கை அவிழ்த்து, குடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, மறுபடி முறுக்காதபடி குடலை விரித்து வைப்பார்கள். இதை 1936-ல் அமெரிக்க டாக்டர் வில்லியம் லாட் விளக்கி எழுதினார். இன்று வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, டிவியில் பார்த்தபடியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையும் உண்டு. இதில் வலி குறைவு, தழும்பு சிறியது. ஆனால் குடல் முறுக்கிக் குழந்தை துவண்டிருந்தால், வயிற்றைத் திறந்து செய்வதே பல நேரம் பாதுகாப்பு. அதை டாக்டர் முடிவுக்கு விடுங்க.

நாம் செய்ய வேண்டியது:

* வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் கொடுக்காதீங்க. வாந்தி பட்ட துணியை டாக்டரிடம் காட்டுங்க.
* 108-ஐக் கூப்பிடுங்க. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது.
* முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்க. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டை இல்லையே என்று வீட்டிலேயே காத்திருக்காதீங்க.
* வழிச்செலவுக்குக் கந்துவட்டி வாங்க வேண்டாம். குழுவில் அவசரக் கடன் கேளுங்க.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்க. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் மாமியாருக்கும் சொல்லுங்க.