காரை வீட்டுக்குச் சிமென்ட் எதற்கு?

காரைக்குடி, கானாடுகாத்தான் தெருக்களில் நிற்கும் நகரத்தார் வீடுகள் பல, பர்மா, இலங்கை, மலேயா வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் எழுந்தவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் ஒரு வீட்டின் ஆயுள் அதன் பங்காளிகள் கையிலும் அவர்கள் அமர்த்தும் கொத்தனார் கையிலும்தான் இருக்கிறது.

மராமத்து என்றதும் பெயின்ட் அடிக்கத்தான் பலரும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கூரையை. நாட்டு ஓடு ஒன்று விலகினால் போதும். மழைநீர் கைமரத்தில் இறங்கும், பின்னாலேயே கறையான் வரும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஓடு மாற்றி, முற்றத்து நீர்ப்போக்கைச் சுத்தம் செய்தால் பாதி வீடு பிழைத்துவிடும்.

அடுத்தது சுவர். காரை உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுவதுதான் இந்த வீடுகளுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஓதம் மேலேறி, உப்புப் பூத்து, பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சும் பொரிந்து கொட்டும்.

செட்டிநாட்டுப் பூச்சுக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் படிப்படியாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மாவுபோல அரைத்த சுண்ணாம்பு. அதில் முட்டை வெண்கரு சேரும். ஈரம் காயுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். இந்தக் கை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். வேலை கொடுத்தால்தான் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

தரையும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல் உடைந்தால் அதே பூவேலையில் புதிது கிடைக்கும். கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கும் கல் அது. அதன்மேல் ஆசிட் ஊற்றினால் மெருகு போய்விடும்.

வசதிகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குளியலறையைப் பின்கட்டில் வைக்கலாம். மின்கம்பிகளைத் தேக்குத் தூணைத் துளைக்காமல் கொண்டுபோகலாம். முற்றத்தை மட்டும் மூடக் கூடாது. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

கானாடுகாத்தான் விசாலம், கோத்தமங்கலம் சாரதா விலாஸ் போன்ற வீடுகள் இன்று விருந்தினர் விடுதிகளாக வாழ்கின்றன. எல்லா வீடும் விடுதியாக வேண்டியதில்லை. பங்காளிகள் ஆண்டுதோறும் ஓட்டுக்கும் காரைக்கும் என்று ஒரு பொதுத்தொகை ஒதுக்கட்டும். தூண்களையும் கதவுகளையும் பழம்பொருள் கடைக்கு விற்ற பிறகு கூடிப் பேசிப் பயனில்லை. இந்த ஆண்டு முன்னோர் படைப்புக்குக் கூடும்போதே பேசி முடியுங்கள்.