பிடி-1 ஏற்பி

பிடி-1 என்பது டி செல்களின் மேற்பரப்பில் காணப்படும் ஒரு புரத ஏற்பி ஆகும். தொற்று அடங்கிய பிறகும் டி செல்கள் தாக்கிக்கொண்டே இருந்தால் உடலின் நல்ல திசுக்கள் சிதைந்துவிடும். அவ்வாறு நேராமல் அவற்றை அடக்கும் கடிவாளம் இது. புற்றுக் கட்டிகள் இதே கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் தப்பிக்கின்றன.

செயல்படும் விதம்

ஒரு டி செல் முதன்முறையாகக் கிளர்ந்தெழ இரண்டு சைகைகள் வேண்டும். எதிரிலுள்ள செல் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்கை டி செல் ஏற்பி அடையாளம் காண்பது முதல் சைகை. சிடி28 என்ற ஏற்பி பி7 புரதத்துடன் இணைவது இரண்டாவது. சிடிஎல்ஏ-4 என்ற மற்றோர் ஏற்பி, அதே பி7 புரதத்தை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டு இரண்டாம் சைகையைத் தடுக்கிறது.

பிடி-1 பெரும்பாலும் அதற்கும் பிறகு, போர் நடக்கும் திசுவிலேயே வேலை செய்கிறது. கட்டியைத் தாக்கும் டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றன. அதை உணர்ந்த புற்றுச்செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை மேற்பரப்பில் காட்டுகின்றன. ஆக, தாக்குதலே எதிரிக்குக் கேடயம் தந்துவிடுகிறது. பிடி-எல்1 வந்து இணைந்ததும், பிடி-1 தன் உட்புற வாலில் எஸ்எச்பி-2 என்ற நொதியை ஈர்க்கிறது. அந்நொதி கிளர்ச்சிச் சைகைகளிலுள்ள பாஸ்பேட்டுகளை நீக்க, டி செல் தணிகிறது.

கண்டுபிடிப்பு

1992இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு இதைக் கண்டறிந்தது. செல் இறப்போடு தொடர்புடையது என்று கருதி வைத்த பெயர், பணி வேறென்று தெரிந்த பின்னும் நிலைத்துவிட்டது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய் வந்ததை 1999இல் அக்குழு காட்டியபோதுதான் உண்மைப் பணி விளங்கியது. சிடிஎல்ஏ-4ஐத் தடுத்தால் எலிகளில் கட்டி சுருங்கும் என்று 1996இல் காட்டிய ஜேம்ஸ் அலிசனுடன் ஹோஞ்சோ 2018இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தியாவில் குறைந்த அளவு மருந்து

பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தின் விலை இந்திய நோயாளிகளில் மிகச் சிலருக்கே எட்டுவது. ஆனால் மருந்தின் அளவைக் கூட்டினால் பலனும் அதே விகிதத்தில் கூடிவிடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும், ஏற்பிகளில் ஏறத்தாழ ஒரே பங்கு அடைபடுவதையும், இரு மாதங்களுக்குப் பின்னும் அந்த அடைப்பு பெருமளவு நீடிப்பதையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. எல்லா இருக்கைகளும் நிரம்பிய பேருந்துக்கு மேலும் ஆளை அனுப்புவது போன்றதே கூடுதல் மருந்து.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதை நோயாளிகளிடம் சோதித்தது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயுள்ள 151 பேரில் ஒரு பிரிவினருக்கு, மலிவான மாத்திரைகளான மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மட்டும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவோ இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் முதல் பிரிவில் 16.3 விழுக்காடு, இரண்டாவதில் 43.4 விழுக்காடு. புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நாட்டில் இது சிறிய வேறுபாடு அன்று. எனினும் முழு அளவு மருந்தோடு இந்த ஆய்வு ஒப்பிடவில்லை. குறைந்த அளவு அதற்கு ஈடாகும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

கடிவாளத்தைத் தளர்த்துவதில் ஆபத்தும் உண்டு. அடக்கி வைக்கப்பட்டிருந்த டி செல்கள் தைராய்டு, பெருங்குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். பாதிப்பு கடுமையானால் மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பாற்றலை மீண்டும் அடக்குகிறார்கள்.